ஒன்பதில் எத்தனை

ஒன்பது பொரித்திருக்கிறது கரும்புள்ளி.
பத்தாவது கூமுட்டை,
வேலியோரம் புதைத்துவிட்டேன்.

முட்டையிலேயே பார்த்திருக்கணும்
என்கிறாள் அடுத்த லைன் மெய்யாத்தாள்.
முனை கூர்ந்தால் சேவல், உருண்டால் பெட்டை.
அடை வைத்த அன்று கரண்ட் இல்லை.
தடவித்தான் வைத்தேன்,
எல்லாம் முட்டை மாதிரிதான் இருந்தன.

ரைஸ்மில் லோடுமேன் பூமிநாதன்
ஒரு குஞ்சை இரண்டு காலும் சேர்த்துத்
தலைகீழாகத் தூக்கினான்.
தலையை நிமிர்த்தினால் பெட்டை, தொங்கவிட்டால் சேவல்.
நிமிர்த்தியது. தொங்கவிட்டது. மறுபடி நிமிர்த்தியது.
பிறகு அவன் மணிக்கட்டில் பேண்டது.
புதுவயல் முழுக்க இப்படி ஒரு குஞ்சைப் பார்த்ததில்லை என்று
குழாயடிக்குப் போனான்.

சேவுகனுக்குத்தான் அவசரம்.
முனியய்யாவுக்கு ஒன்று நேர்ந்திருக்கிறான்,
வண்டி கவிழ்ந்தும் கை மட்டும் ஒடிந்ததற்கு.
மச்சினன் வந்தால் மிளகு வறுவலுக்கு ஒன்று.
மிச்சச் சேவலை வியாபாரியிடம் தள்ளிவிடலாம்.
பெட்டை என்றால் இருக்கட்டும், என்றான்,
பெரிய மனசோடு.

பெட்டை என்றால் இருக்கட்டும்.
இந்த வாசகத்தை இந்த வீட்டில்
முதல்முறை கேட்கிறேன்.
எங்கள் இரண்டாவதும் பெண் என்று நர்ஸ் சொன்னபோது
மிட்டாய்ப் பெட்டியின் நூலை அவிழ்க்காமலே
கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவன்.

எட்டேகால் பஸ்ஸில் காரைக்குடி போகிறேன்.
ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கும் வேலை.
என் தலைக்கு மேல் சிவப்பு எழுத்தில் போர்டு:
ஆணா பெண்ணா என்று சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம்.
கேட்கத்தான் செய்கிறார்கள்.
தேவகோட்டைக்காரர் ஒருவர்
பைலுக்குள் ஐந்நூறை மடித்து வைத்து நீட்டினார்.
கல்லலிலிருந்து வந்த பெண்
ஒன்றும் கேட்காமல்
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
எனக்கென்ன தெரியும்,
திரை டாக்டர் பக்கம் திரும்பியிருக்கிறது.
ஆனாலும் இந்த ஆறு வருஷத்தில்
முட்டை வெள்ளை பூசித் தேய்த்த செட்டிவீட்டுச் சுவர் போல
முகத்தை வழவழப்பாக வைத்துக்கொள்ளப் பழகிவிட்டது.
எதுவும் ஒட்டாது.

ஆறாம் வாரம் இரண்டுக்குக் கொண்டை சிவந்தது.
அப்புறம் ஒன்றுக்குக் கால் தடித்தது.
நெஞ்சை நிமிர்த்திச் சண்டைக்குப் போனது ஒன்று,
அது சும்மா வாயாடிப் பெட்டை என்று பிறகு தெரிந்தது.
ஒன்றைக் கீரி கொண்டுபோனது,
அது என்னவென்று இனி யாருக்கும் தெரியாது.

டீத்தூள் நிறத்தில் ஒன்று மட்டும்
வெளுத்த கொண்டை, கட்டை வால்,
குருணை வீசினால் கடைசியாக வரும்.
சந்தேகமே இல்லை, பெட்டை,
சேவுகன் விரல் மடக்கி எண்ணிவிட்டான்.
சின்னவள் அதன் காலில் ஜிகினா நூல் கட்டிவிட்டாள்.

நாலாம் மாதம்.
மில் ஓடத் தொடங்காத ஒரு காலை.
பல் துலக்கிக்கொண்டிருக்கிறேன்,
துருப்பிடித்த ராட்டினம் பாதி சுற்றி நின்ற மாதிரி
முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

டீத்தூள்.
கழுத்தை நீட்டியது நீட்டியபடி,
தன் குரலுக்குத் தானே மிரண்டு நிற்கிறது.
இடுப்போரம் நாலைந்து இறகுகள்
ஈர்க்குச்சி போலக் கூர்ந்து, செம்பாய் மின்னி,
வாலடியில் சரிந்திருந்தன.
எப்போது முளைத்தன இவை?
தினமும் பார்க்கிறேனே.

என்னடி சத்தம், உள்ளேயிருந்து சேவுகன்.
குழாய், என்றேன்.
என் முகம் தானாகவே
டோக்கன் மேஜைக்குப் போய்விட்டிருந்தது.

வியாபாரி வியாழக்கிழமை வருகிறான்.

ராத்திரி பஞ்சாரத்தின் மேல்
அரிசிச் சாக்கை இரண்டாய் மடித்துப் போட்டேன்.
விடிந்தது தெரியாவிட்டால் கூவாதாம்.
சாக்கில் மில்லின் பெயர், எடை,
பெயருக்குக் கீழே ஒரு எலி கடித்த ஓட்டை.
அதன் வழியே தெருவிளக்கு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.
விரலை வைத்து அடைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.
உள்ளே யாரோ
விரலைக் கொத்திப் பார்த்தார்கள்.